சாருக்குத் தண்ணி ஆகாது

"தண்ணி பொட்டுக்கூட ஆகாது. தண்ணிதான் இவருக்கு எமன்னு வச்சுக்குங்க."

ஆஸ்பத்திரியில் விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண் தெளிவாகத்தான் சொன்னாள். அவளுக்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. அது வீட்டில் யார் வாயிலும் நுழையாததால் ‘தொண்டை டீச்சர்’ என்று சுருக்கிக்கொண்டார்கள். அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. குறை, தண்ணி என்ற சொல்லில் இருந்தது. குழாயில் வருவதும் தண்ணி, கடையில் விற்பதும் தண்ணி என்று வைத்துவிட்டால் ஒரு மனிதனின் மானம் எப்படித் தப்பும்?

அந்த மனிதர் பஸ் டிப்போவில் கன்ட்ரோலர். விடிகிற நேரத்தில் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வண்டி எடுக்க வருகிற ஒவ்வொரு டிரைவர் மூக்குக்கு நேரே குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கிற ஒரு கருவியை நீட்டி "ஊது" என்பார். வணக்கம் சொன்னாலும் ஊது, பொங்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாலும் ஊது. டிப்போ முழுக்க அவருக்கு ‘ஊது சார்’ என்று பெயர். அவர் எதிரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எதிரில் நின்று பேசவே யாரும் விரும்பியதில்லை. வாழ்க்கையில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை என்பது அவர் பெருமை. கல்யாண வீட்டில் பழச்சாறு கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அவருக்குத்தான் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. நாக்கு கொஞ்சம் குழறியது. தொண்டை மட்டும் வேலைக்குத் திரும்ப மறுத்தது.

"விழுங்கணும்னு மூளை சொல்லுது. தொண்டை ஒரு நொடி தாமதமா எந்திரிக்குது" என்று டீச்சர் விளக்கினாள். "அந்த நொடியில தண்ணி எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி பாஞ்சு நுரையீரல் பக்கம் திரும்பிடும். கெட்டியான பொருள் லாரி மாதிரி. மெதுவா வரும். அதுக்குள்ள தொண்டை கதவைச் சாத்திக்கும். அதனால தண்ணி, காபி, சூப், எதுவா இருந்தாலும் இந்தப் பொடியைக் கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் குடுக்கணும். நேரா உக்காரணும், தாடையைக் குனிச்சுக்கணும், ஒரு ஸ்பூனுக்கு ரெண்டு தடவை முழுங்கணும். வாயில இருக்கும்போது பேச்சே கூடாது."

"தப்பான பக்கம் போனா இருமல் வருமில்ல? தெரிஞ்சுடுமே" என்றாள் மனைவி.

"இவருக்கு இருமலும் வராது. அதுதான் பயம்."

அந்தப் பயம் அந்த வாரமே நிஜமானது. மனைவி மருந்து வாங்கப் போன நேரத்தில், கட்டிலருகே காவலிருந்த அவருடைய அக்காவிடம் அவர் கெஞ்சினார். "தாகத்துக்குத் தண்ணி கேக்குறான், குடுக்காம இருக்க நான் என்ன கல்லா?" என்று அக்கா ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். மடமடவென்று குடித்தார். இருமவில்லை. மறுநாள் காய்ச்சல், நுரையீரலில் சளி. ஆளைப் பிழைக்க வைத்து அனுப்பும்போது டாக்டர் மனைவியைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வயித்துல குழாய் போட்டுத்தான் சாப்பாடு. அதுவும் உடம்பு தாங்கினாத்தான்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் மனைவிக்கு இருந்தது ஒரே கவலை. விழுங்குவதை எக்ஸ்ரேயில் பார்க்கிற அடுத்த பரிசோதனை வரைக்கும் அவர் தொண்டையில் ஒரு வாய் வெறும் தண்ணீர் இறங்கிவிடக் கூடாது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். தூரத்து எழுத்தும் கிட்டத்து எழுத்தும் மற்றவர்களுக்குத் தெரிகிறதா என்று பார்த்தே பழகிய கண், இப்போது புருஷனின் குரல்வளையைப் பார்க்கப் பழகியது. ஸ்பூன் உள்ளே போகும். குரல்வளை ஏறும், இறங்கும். இவள் மூச்சு வாங்குவாள். "என்ன, பூனை எலிப் பொந்தைப் பாக்குற மாதிரி பாக்குற?" என்பார் அவர். "பேசாதீங்க. முழுங்குங்க" என்பாள் இவள். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவரைப் பேசவிடாமல் அடிக்க அவளுக்கு டாக்டர் சீட்டோடு கிடைத்த முதல் வாய்ப்பு அது.

ஆனால் ஊரைச் சமாளிக்க முடியவில்லை.

"தண்ணி குடிச்சு யாராவது செத்ததா கேள்விப்பட்டிருக்கியாடி? ஆறவச்ச வெந்நீரா குடு" என்றாள் மாடி வீட்டம்மா. ஒரு நாள் ஜன்னல் கம்பி வழியாக அவளே சொம்பை நீட்டிவிட்டாள். நல்லவேளை, இவள் பாய்ந்து பிடுங்கினாள். முனை டீக்கடைக்காரர், "ஒரு மடக்குதானேம்மா, மனுஷன் வாய் வறண்டு நிக்கிறார்" என்றார். நுரையீரல், தொண்டை, ஒரு நொடித் தாமதம், எக்ஸ்பிரஸ் பஸ், லாரி என்று இவள் எல்லோருக்கும் பாடம் எடுத்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம், ‘வைத்தியம் பண்றேன்னு புருஷனைக் காயப் போடுறா’ என்பதுதான்.

நோயாளியோ ஊரைவிட மோசம். வீட்டுக்கே தண்ணி காட்டுகிற ஆளாகிவிட்டார். பல் தேய்த்து வாய் கொப்பளித்தால் துப்ப மறந்துவிடுவார். சட்டம் பேசியே பிழைத்த மனிதர், டம்ளர் வைத்த இடத்தைத் திருடன் மாதிரி நோட்டம் விட்டார்.

இந்த நிலைமையில்தான் டிப்போவிலிருந்து போன் வந்தது. மனைவி சமையலறையில் காபியில் பொடி கலக்கிக்கொண்டிருந்தாள். போனை எடுத்தது நாத்தனார். ஆஸ்பத்திரிச் சம்பவத்துக்குப் பிறகு குற்ற உணர்ச்சியில் இங்கேயே வந்து தங்கிவிட்டவள். மெதுவாகப் பேசத் தெரியாதவள்.

"அதை ஏன் கேக்குறப்பா... எல்லாம் தண்ணியால வந்த வினை... ஆமா, தண்ணிதான். தொட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. கேட்டாத்தானே? ஆஸ்பத்திரிக் கட்டில்லயே கெஞ்சுறான், கொஞ்சமா குடுக்கான்னு. மனசு கேக்கல. நான்தான் என் கையால ஊத்திக் குடுத்தேன். ஒரே டம்ளர், மடமடன்னு உள்ள தள்ளிட்டான்... வீட்லயா? வீட்ல நாங்க எல்லாரும் குடிக்கத்தான் செய்யிறோம். அவன் கண்ணுல படாம சமையலறையில நின்னு குடிச்சுக்கிறோம். பாத்தா கேப்பானே, பாவம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"யாரு அண்ணி?" என்றாள் மனைவி.

"எட்டாம் நம்பராம். தங்கமான புள்ள. விஷயத்தைச் சொன்னதும் அழுதே போயிட்டான்."

எட்டாம் நம்பர் என்பது எட்டாம் நம்பர் வண்டி ஓட்டுகிற டிரைவர். ஊது சார் ஊதச் சொல்லி, ஊதி, மாட்டி, சஸ்பெண்ட் ஆனவர். குடியை விட்டவர், விட்டதை மறுபடி தொட்டவர், தொட்டதை மறுபடி விட்டவர். இப்போதைக்கு விட்டிருந்தார். மறுநாள் சாயங்காலம் யூனிஃபார்மோடு நேராக வீட்டுக்கு வந்தார். சாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சார், வெக்கப்படாதீங்க. இது வியாதி சார்."

"வியாதிதான்" என்றார் ஊது சார், குழறிய நாக்கோடு. தான் ஊதச் சொல்லித் தண்டித்த ஆளே பார்க்க வந்தது அவருக்கே ஆச்சரியம்.

"எனக்கும் இதே வியாதிதானே சார்."

"உனக்குமா? சொல்லவேயில்ல?"

"நான் எங்க சொல்ல? நீங்கதான் கண்டுபிடிச்சீங்க." டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடையைப் பாத்தாலே நாக்கு ஊறும் சார். அந்தத் தெரு வழியாவே போகமாட்டேன்."

"எனக்குக் கடைகூட வேண்டாம். குழாயைப் பாத்தாலே போதும்."

"குழாயிலயா சார்?" டிரைவர் அரண்டு போனார். "அந்த அளவுக்குப் போயிடுச்சா?"

கதவருகே கெட்டிக் காபியோடு நின்ற மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று நாத்தனார் போனில் பேசியது ஒவ்வொரு வரியாகக் காதில் திரும்ப ஓடியது. ‘என் கையால ஊத்திக் குடுத்தேன். வீட்ல எல்லாரும் குடிக்கிறோம்.’ ஐயையோ! டிப்போவில் இந்நேரம் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்? அவள் அவசரமாக வாயைத் திறந்தாள்.

அதே நேரத்தில் ஊது சாரின் கை ஜன்னல் பக்கம் நீண்டது. நாத்தனார் குடித்துவிட்டு மறந்து வைத்த டம்ளர் அங்கே பாதித் தண்ணீரோடு நின்றது. மனைவி காபியை வைத்துவிட்டு ஓடுவதற்குள் டிரைவர் பாய்ந்து டம்ளரைப் பிடுங்கிவிட்டார். மூக்கருகே வைத்து மோந்தார். மறுபடி மோந்தார்.

"வாசனையே இல்ல! என்ன சரக்கு சார் இது? நீங்க ஊதச் சொன்ன காலத்துல இது மட்டும் எனக்குக் கிடைச்சிருந்தா..." என்று சொல்லிக்கொண்டே அதை ஜன்னலுக்கு வெளியே கொட்டினார். சாரின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இனிமே டூட்டி முடிஞ்சு நேரா இங்கதான் வருவேன். நான் இருக்குற வரைக்கும் சார் வாயில ஒரு சொட்டுப் படாது. இது என் புள்ளைங்க மேல சத்தியம்."

இத்தனை நாளாக நுரையீரல் படம் போட்டுக் காட்டியும் ஒரு ஆள் இப்படிச் சத்தியம் செய்யவில்லை.

மனைவி சொல்ல வந்ததை அப்படியே விழுங்கினாள். அன்றைக்கு அந்த வீட்டில் பிசகில்லாமல் விழுங்கியது அவள் ஒருத்திதான்.

லீவு முடிந்து அவள் கடைக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. நாத்தனாரை நம்பி விட்டுவிட்டுப் போவது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது போலத்தான். ஆனால் தெருவே காவலுக்கு இறங்கியிருந்தது. டிப்போவில் கிளம்பிய செய்தி எந்த வண்டி ஏறி வந்ததோ, முனைக் கடை வரைக்கும் வந்து இறங்கிவிட்டது. சார் கைத்தடியை ஊன்றித் தள்ளாடிக்கொண்டே டீக்கடைக்குப் போய், "கொஞ்சம் தண்ணி..." என்று குழறினால், பார்க்கிறவர்களுக்கு வேறு சாட்சி வேண்டுமா?

"உங்க உடம்புக்கு ஆகாது சார். வீட்டுக்குப் போங்க" என்று கடைக்காரர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

மாடி வீட்டம்மா படியில் இவளை மடக்கினாள். "என்கிட்டயும் கேட்டாரு, நான் குடுப்பேனா? விரட்டிவிட்டேன். ஆனா நீ முதல்லயே உடைச்சுச் சொல்லியிருக்கலாமேடி. நுரையீரல், தொண்டைன்னு மென்னு முழுங்கிக்கிட்டிருந்தியே!"

"எப்படிச் சொல்றதுன்னு..." என்று இவள் இழுத்தாள். பொய் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. உண்மை என்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு மேல் யோசித்தால் தூக்கம் போய்விடும் என்பதால் யோசிக்கவும் இல்லை.

ஊது சாருக்கோ தெருமேல் மதிப்பு கூடிக்கொண்டே போனது.

"நம்ம தெரு மாதிரி வராதுடி" என்றார் ஒரு நாள். "டீக்கடைக்காரன்கூட, உடம்புக்கு ஆகாதுங்கிறான். பேப்பர் போடுறவன், உங்க வீட்டம்மாவை நினைச்சுப் பாருங்க சாருங்கிறான். எல்லாருக்கும் எவ்வளவு மருத்துவ அறிவு!"

"ஆமாங்க" என்றாள் மனைவி. "வாயைத் திறங்க."

காய்ச்சல் வரவில்லை. சளி வரவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. டீச்சர் தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா இவ்வளவு கட்டுப்பாடா வச்சிருக்கீங்க? மத்த வீட்ல எல்லாம் சொந்தக்காரங்களே ஊத்திக் குடுத்துக் கெடுத்துடுறாங்க" என்று பாராட்டினாள். மனைவி தரையைப் பார்த்தாள்.

உடைத்தது எட்டாம் நம்பர்தான். நல்ல எண்ணத்தில்தான் உடைத்தார்.

"சார், எங்க கூட்டத்துக்கு ஒரு நாள் வரணும். குடியை விட்டவங்க, விடப் பாக்குறவங்க எல்லாம் கூடுற இடம். நம்ம டிப்போ ஆளுங்க நாலு பேரு வர்றாங்க. ஊது சாரே குடிச்சுக் கெட்டு மீண்டு வந்தாருன்னா எங்களுக்கெல்லாம் எவ்வளவு தெம்பா இருக்கும்!"

"யாரு குடிச்சா?" என்றார் ஊது சார்.

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் சார் கேப்போம்" என்றார் எட்டாம் நம்பர், அன்பாக.

அன்று மனைவி கடையிலிருந்து வந்தபோது வீடு இறுகிக் கிடந்தது. நாத்தனார் மூலையில் உட்கார்ந்து, "நான் சாதாரணத் தண்ணியைத்தானே சொன்னேன்? ஊத்திக் குடுத்தேன்னா ஊத்திக் குடுத்தேன்னுதானே அர்த்தம்?" என்று சுவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊது சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் சொன்னதைவிட நேராக.

"உனக்குத் தெரியுமா?"

மனைவி மசித்த உருளைக்கிழங்கை ஸ்பூனில் எடுத்தாள். "முதல்ல சாப்பிடுங்க. சாப்பிடும்போது பேசக் கூடாது."

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"எட்டாம் நம்பர் டம்ளரை மோந்து பாத்ததிலேருந்து."

அவர் முகத்தில் சரியாக இருந்த பாதி சிவந்தது. மற்றப் பாதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஒரு சொட்டுத் தொட்டவன் இல்ல நான். ஊரே என்னைக் குடிகாரன்னு சொல்லுது, நீ உருளைக்கிழங்கு மசிச்சுக்கிட்டிருக்கே!"

"நுரையீரல்னு சொன்னப்போ ஊரு உங்களுக்குச் சொம்பை நீட்டிச்சு. குடிகாரர்னு நெனச்சப்போதான் சொம்பை ஒளிச்சு வச்சுது. நான் என்ன பண்ண? உங்க பேரு கெட்டா அப்புறம் கழுவிக்கலாம். நுரையீரல் கெட்டா எதைக் கொண்டு கழுவுறது?"

"பேரு போனா நான் உயிரோட இருந்து என்ன பிரயோஜனம்? நாளைக்கு எந்த மூஞ்சியோட ஒருத்தனை ஊதச் சொல்லுவேன்?" வாயை இறுக மூடிக்கொண்டார். ஸ்பூன் உதட்டில் முட்டி நின்றது. "போய் உண்மையைச் சொல்லிட்டு வா. அப்புறம் சாப்பிடுறேன்."

இரண்டு வேளை பார்த்தாள். மனிதர் அசையவில்லை. பட்டினி கிடந்தால் தேறிய தொண்டையும் திரும்பப் படுத்துவிடும் என்று டீச்சர் எச்சரித்திருந்தாள். வேறு வழியில்லாமல் கிளம்பினாள்.

முதலில் எட்டாம் நம்பர். டிப்போ வாசலில் பிடித்து, ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுதும்மா. என் வீட்டுக்காரியும் இப்படித்தான் ஊரெல்லாம் சொன்னா, அவருக்கு வெறும் வயித்து வலின்னு. நீங்க உத்தமிம்மா."

"ஐயோ, நிஜமாவே வெறும் தண்ணிங்க! குழாய்த் தண்ணி!"

"சரிம்மா. குழாய்த் தண்ணிதான்." அவர் குரலில் இருந்த பரிவு இவளுக்கு அடித்தது போலிருந்தது. "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

டீக்கடைக்காரர், "விடுங்கம்மா, எந்த வீட்டுல இல்லாதது?" என்றார். மாடி வீட்டம்மா இவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். உண்மையை ஒரு சுற்று சுற்றி விநியோகம் செய்துவிட்டு வந்ததில், இதுவரை சந்தேகத்தில் இருந்த இரண்டொருவருக்கும் சந்தேகம் தீர்ந்தது.

"சொல்லிட்டியா?" என்றார் ஊது சார்.

"சொல்லிட்டேன்."

"நம்பினாங்களா?"

"வாயைத் திறங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அன்று குரல்வளை ஏறி இறங்க ரொம்ப நேரம் எடுத்தது.

எட்டாம் நம்பர் வருவது மட்டும் நிற்கவில்லை. ஊது சார் முகம் கொடுக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாலும் அவர் பாட்டுக்கு வந்து உட்கார்ந்து, ரூட்டில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். இருபது வருஷ சர்வீஸில் ஒருவரும் ஊது சாரிடம் டிப்போக் கதை சொன்னதில்லை. எட்டாம் நம்பர் சொன்ன கதைகளில் பாதி ஊது சாரைப் பற்றிய கேலிக் கதைகள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முதுகு ஓரிரு முறை குலுங்கியதை மனைவி பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் அவர் வரத் தாமதமானது. ஊது சார் வாசலைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். கேட்டால், பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு ஓடுகிறதா என்று பார்க்கிறாராம்.

எட்டாம் நம்பர் வந்தார். உட்கார்ந்தார். சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குக் கடை வாசல் வரைக்கும் போயிட்டேன் சார்" என்றார் கடைசியில். "உள்ள கால் வைக்கணும், அவ்வளவுதான். அப்ப உங்க மூஞ்சி வந்துச்சு. நேரா உக்காந்துக்கிட்டு, தாடையைக் குனிச்சுக்கிட்டு, அந்தக் கெட்டிக் காபியை ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனா முழுங்குவீங்களே, அந்த மூஞ்சி. மனுஷன் இந்தப் பாடு பட்டு நிறுத்தி வச்சிருக்காரு, நமக்கென்ன கேடுன்னு திரும்பிட்டேன்."

ஊது சார் வாயில் அப்போது ஒரு ஸ்பூன் கெட்டிக் காபி இருந்தது. தாடையைக் குனித்து அதை இரண்டு தடவையாக விழுங்கினார்.

எக்ஸ்ரே பரிசோதனைக்கு எட்டாம் நம்பர்தான் தெரிந்தவர் வேனை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். நாத்தனாரும் ஏறிக்கொண்டாள்.

உள்ளே ஊது சாரை நாற்காலியில் உட்கார வைத்து வெள்ளைத் திரவம் கொடுத்தார்கள். தொண்டை கறுப்புத் திரையில் தெரிந்தது. மனைவி கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றாள். முதலில் கெட்டி, பிறகு கொஞ்சம் நீர்த்தது. கடைசியாகத் தண்ணீர் மாதிரியே இருந்தது. வெள்ளைக் கோடு நாக்கைத் தாண்டி இறங்கி, பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு வந்து ஒரு கணம் நின்றது. ஒரு பக்கம் வயிறு, ஒரு பக்கம் நுரையீரல். மனைவி மூச்சை நிறுத்தினாள். தெருவைக் காவல் வைத்ததும், அவர் பெயரை விற்றதும், எல்லாம் இந்த இடத்துக்காகத்தான். கோடு கொஞ்சம் தயங்கியது. பிறகு வயிற்றுப் பக்கம் திரும்பி வழுக்கிக்கொண்டு போனது.

டீச்சர் கதவைத் திறந்துகொண்டு காரிடாருக்கு வந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குச் சத்தம் கூடிவிட்டது.

"சாருக்கு இனிமே தண்ணி குடுக்கலாம்!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த எட்டாம் நம்பர் துள்ளி எழுந்தார். "என்ன டீச்சர் சொல்றீங்க?"

"தினமும் கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். ஆரம்பத்துல ஒரு மடக்கு. போகப் போக ஒரு டம்ளர்."

"பழக்கணுமா? படிச்சவங்க நீங்களே இப்படிச் சொல்லலாமா? என்ன பாடுபட்டு நிறுத்தி வச்சிருக்கோம் தெரியுமா?"

"நிறுத்தினது போதும். இதுக்கு மேல நிறுத்தினாத்தான் கெடுதல்."

"நான் ஊத்திக் குடுக்கலாமா டீச்சர்?" என்றாள் நாத்தனார், கண்கள் மின்ன. எட்டாம் நம்பர் அவளை முறைத்த முறைப்பில் அவள் ஓரடி பின்னால் போனாள்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. காரிடார் ஓரத்தில் இருந்த தண்ணீர்க் கேனின் குழாயைத் திருகி ஒரு பேப்பர் கப்பில் பிடித்தாள். அதை ஊது சார் கையில் கொடுத்தாள். "பக்கத்துல ஆள் இருக்கும்போதுதான் குடிக்கணும். ஒவ்வொரு மடக்கா. தாடை கீழே." யாரோ உள்ளேயிருந்து கூப்பிட, போய்விட்டாள்.

எட்டாம் நம்பர் கப்பையே பார்த்தார். குனிந்து மோந்தார். கேனைப் பார்த்தார். மறுபடி கப்பைப் பார்த்தார்.

"இது தண்ணி."

"தண்ணிதான் அண்ணே. நான் அன்னிக்கே சொன்னேனே" என்றாள் மனைவி.

"வெறும் தண்ணி." அவர் முகம் மெதுவாகத் தொங்கிப் போனது. டிரைவர் சீட்டிலிருந்து இறக்கிவிட்ட ஆள் மாதிரி நின்றார். "அப்ப... சார் குடிச்சதே இல்லையா? நான் மட்டுந்தானா?"

ஊது சார் முதல் மடக்கை வாயில் வாங்கியிருந்தார். எத்தனையோ நாளாகக் கனவில் குடித்த தண்ணீர். இதோ, கெட்டுப்போன பெயரைக் கழுவவும் அதே தண்ணீர் கையில் இருந்தது. கேள்வி கேட்டவன் நம்பத் தயாராக எதிரில் நின்றான். மனைவி நல்ல மனதோடு மறுபடி ஆரம்பித்தாள், "ஆமாண்ணே, அவரு ஒரு நாளும்..."

ஊது சார் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

விழுங்கினார். ஒரு தடவை. இரண்டாம் தடவை. குரல்வளை ஏறி இறங்கியது. இருமல் இல்லை. தொண்டையில் ஈரம் நிற்கிறதா என்று பார்க்க "ஆ" என்று சொல்லச் சொல்லியிருந்தாள் டீச்சர். "ஆ" என்றார். கணீரென்று வந்தது.

"கூட்டம் எத்தனை மணிக்கு?" என்றார்.

எட்டாம் நம்பர் விழித்தார். "ஆறு மணிக்கு சார். ஆனா..." சட்டென்று அவர் கண் விரிந்தது. நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் காதருகே வந்தார். "டீச்சருக்குத் தெரியாதா சார்? ஆஸ்பத்திரியிலயும் மறைச்சுட்டீங்களா?"

ஊது சார் அடுத்த மடக்குக்குத் தாடையைக் குனித்தார். விழுங்குவதற்காகத்தான் குனித்தார். பார்க்கிறவருக்கு அது ஆமாம் என்பது போல் இருந்தது.

"சார்!" எட்டாம் நம்பர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன் சார். சரி, இன்னிக்கே போறோம். அம்மாவும் வரணும். வீட்டுக்காரங்களும் நாலு வார்த்தை பேசணும், அதுதான் முறை. புருஷன் குடியால என்னென்ன பட்டோம்னு மனசு விட்டுச் சொல்லணும்."

"நானா?" என்றாள் மனைவி. "நான் என்னத்தைச் சொல்ல?"

"சொல்லுவா, சொல்லுவா" என்றார் ஊது சார். "விளக்கமா சொல்லுவா. ஒரு தெருவையே நம்ப வச்சவளாச்சே." சொல்லிவிட்டுக் கப்பைச் சாவதானமாக உதட்டுக்குக் கொண்டுபோனார்.

மனைவி அவரைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். தப்பிக்க வழி தெரியவில்லை.

"பாத்திர பண்டமெல்லாம் வித்துட்டாருன்னு சொல்லட்டுமா?" என்றாள் கம்மிய குரலில்.

"என் வளையலையும் சேத்துக்க" என்று நாத்தனார் ஆர்வமாக முன்னால் வந்தாள். "தூங்கும்போது கழட்டிட்டான்னு சொல்லு."

ஊது சாரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. மனைவி பதறிப்போய் அவர் தாடையைக் கையால் பிடித்தாள்.

"சிரிக்காதீங்க! வாயில தண்ணி இருக்கு. முதல்ல முழுங்குங்க!"